ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்ற் யன்னல்கள்: மாற்றி ஒரு குளிர்காலம் கழித்து

எங்கள் வீடு ரொறன்ரோவின் ஸ்காபரோவில், லோறன்ஸ் – ஃபார்மசி சந்திக்குக் கிட்ட, 1950களில் வரிசையாகக் கட்டப்பட்ட பங்களாக்களில் ஒன்று. அத்திவாரச் சுவர் முழுவதும் கொங்கிறீட் புளொக் கல். பேஸ்மென்றில் நாலு யன்னல்கள், நாலும் வீடு கட்டின நாளிலேயே வைத்த இரும்பு யன்னல்கள். ஒற்றைக் கண்ணாடி, சுற்றிவரக் கறள், திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. போன ஒக்டோபரில் நாலையும் மாற்றினோம். உடனே எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. பூட்டின கையோடு பார்த்தால் எந்த யன்னலும் நல்ல யன்னல்தான். ஒரு முழுக் குளிரும், பனி உருகின மார்ச் மாதமும், அதற்குப் பிறகு வந்த மழையும் பார்த்த பிறகுதான் கதைக்க ஏதாவது இருக்கும்.

அவசரக்காரருக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: மேசன் வேலை திறம், யன்னல்கள் பரவாயில்லை, முடிப்பு வேலை இழுபறி. கொடுத்த காசுக்குத் திருப்திதான்.

விலை கேட்கத் தொடங்கினபோது எனக்குப் பிடிபடாத விஷயம், ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதுதான். ஒருவர் போனிலேயே விலை சொன்னார். "அக்கா, சைஸை வட்ஸப்பில போட்டு விடுங்கோ, காணும்" என்றார். இன்னொரு பெரிய கம்பனியின் விற்பனையாளர் சாப்பாட்டு மேசையில் இருந்து கண்ணாடியைப் பற்றி மட்டும் நீளமாக விளங்கப்படுத்தினார். சூட்டை வெளியே விடாத லோ-ஈ பூச்சு, இடையில் ஆர்கன் வாயு, வாழ்நாள் உத்தரவாதம். வெளியே போய்ச் சுவரை ஒருக்கால் எட்டிப் பார்க்கவும் இல்லை. அவருடைய திட்டம், பழைய இரும்புச் சட்டத்தை அப்படியே விட்டு, நடுக் கம்பியை மட்டும் வெட்டி, அதற்குள் புது வினைல் யன்னலைச் செருகுவது. அரை நாள் வேலை, தூசு இல்லை, விலையும் மலிவு.

அது ஏன் மலிவு என்று பிறகுதான் விளங்கியது. அந்தக் காலத்து இரும்பு யன்னலைச் சுவர் கட்டி முடித்த பிறகு பூட்டுவதில்லை. யன்னல் ஓரத்துக்கு வரும் புளொக் கல்லின் முனையில் ஒரு நெடுக்குப் பள்ளம் இருக்கும். சட்டத்தின் விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் நிறுத்தி, சாந்து அடைத்து, கல்லோடு கல்லாகக் கட்டிவிடுவார்கள். அதைக் கழற்றுவதென்றால் சுவரோடு சண்டை பிடிக்கவேண்டும். கழற்றாமல் விட்டால், வெளிக் குளிர் அந்த இரும்பு வழியாக நேரே உள்ளே வரும். கறள் பிடித்த இரும்பு பருத்துக்கொண்டே போய், பக்கத்துச் சாந்தை வெடிக்க வைக்கும். கண்ணாடியும் சுருங்கும். எங்கள் ஓட்டை 32 அங்குலம் அகலம், 16 அங்குலம் உயரம். இரண்டு கல் அகலம், இரண்டு வரி உயரம். சுற்றிவர இரண்டு அங்குலம் போனால் மிச்சம் 28க்கு 12. மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விட்டது. ஏற்கெனவே இருட்டான பேஸ்மென்றில் இதையும் காசு கொடுத்தா இழப்பது?

கடைசியில் நாங்கள் பிடித்தது தமிழ்த் தம்பி ஒருவர் நடத்தும் சின்னக் கம்பனி. அவர் வந்ததும் டேப்பை எடுக்கவில்லை. ஒரு பழைய ஸ்குரூட்ரைவரை எடுத்து, வெளியே யன்னலடிச் சீமெந்துக் கட்டில் குத்திப் பார்த்தார். உளுத்த மரத்துக்குள் போவதுபோல் அது உள்ளே போனது. "அக்கா, யன்னல் இல்லை உங்கட பிரச்சினை. இந்தக் கட்டுக்குக் கீழ இருக்கிற கல்லு முழுக்க வெறும் கோது. தண்ணி அதுக்குள்ளாலதான் இறங்குது" என்றார். வேலையை அவருக்குக் கொடுப்பதென்று நான் அந்த இடத்திலேயே நினைத்துவிட்டேன்.

புளொக் கல்லுக்கு நடுவில் வெற்றிடம் உண்டு என்பது தெரிந்ததுதான். யன்னலுக்குக் கீழ் வரியில் அந்த வெற்றிடங்களின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். அதன் மேல் போட்ட சீமெந்துக் கட்டு வெடித்தால், மழைத்தண்ணீர் கல்லுக்குள் விழுந்து, வரி வரியாகக் கீழே இறங்கி, அடிச்சுவரில் உப்புப் பூத்து வெளியே வரும். எங்கள் சுவரில் தரையோடு சேர்ந்து வெள்ளைத் தூள் படர்ந்து கிடந்தது. அதை அத்திவார வெடிப்பு என்று சொல்லி, வெளியே முழுக்கத் தோண்டி நீர்க்காப்புச் செய்யவேண்டும் என்று முன்னொருவர் பல ஆயிரம் டொலர் கணக்குச் சொல்லியிருந்தார்.

என் அப்பா கரவெட்டியில் மேசனாக இருந்தவர். அதனால் எனக்குக் கண்ணாடி பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும், சாந்து குழைக்கிறவர் வேலை தெரிந்தவரா இல்லையா என்பது அவர் சாந்தகப்பையைப் பிடிக்கிற விதத்திலேயே தெரியும். தம்பியோடு வந்தவர் ஒரு வயதான போர்த்துக்கீசர். அதிகம் கதைக்க மாட்டார். இரும்புச் சட்டத்தை நடுவில் மின்வாளால் வெட்டி, அலவாங்கால் உள்பக்கமாக மடக்கி, பள்ளத்துக்குள் நின்ற விளிம்பைக் கிறைண்டர் போட்டு விடுவித்தார்கள். பக்கத்துக் கல் ஒன்றுதான் உடைந்தது. அதை மறைத்துப் பூசாமல், உடைந்த துண்டை எடுத்து எனக்குக் காட்டிவிட்டுப் புதுக்கல் வைத்தார்கள்.

தூசு பற்றி ஒன்று சொல்லவேண்டும். கொங்கிறீட் கல்லை வெட்டும் தூசில் சிலிக்கா இருக்கிறது. சுவாசப்பைக்கு மிகக் கூடாதது. இவர்கள் வெளியே நின்று தண்ணீர் விட்டு வெட்டினார்கள், உள்ளே பிளாஸ்ரிக் படுதா கட்டினார்கள், தாங்களும் முகமூடி போட்டார்கள். அப்படியிருந்தும் உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் மெல்லிசாக ஒரு படை படிந்துதான் இருந்தது. வீட்டில் ஆஸ்மா உள்ளவர்கள் இருந்தால் அன்றைக்கு வேறெங்காவது அனுப்பிவிடுங்கள். 1960க்கு முன் கட்டின வீடுகளில் பழைய பெயின்றில் ஈயம் இருக்கும் வாய்ப்பு அதிகம், கண்ணாடியை ஒட்டுகிற புட்டிப் பசையில் அஸ்பெஸ்ரஸும் இருக்கலாம். அதையும் வேலைக்கு முன்னரே கேட்டு வையுங்கள்.

அடுத்த நாள் அடிக்கட்டு. முதலில் திறந்திருந்த வெற்றிடங்களுக்குள் கம்பிவலைத் துண்டுகளை இறக்கி, அதன் மேல் சாந்தை இறுக்கி அடைத்தார். பிறகு பலகை அடித்து, புதுக் கட்டு ஊற்றினார். வெளிப்பக்கம் நல்ல சரிவு. சுவரைத் தாண்டி நீட்டிய விளிம்பின் அடியில், விரலளவில் ஒரு நீர்ச்சொட்டுப் பள்ளம். அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் தண்ணீர் விளிம்பின் அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு திரும்பவும் சுவருக்குத்தான் போகும். அப்பா கட்டின வீடுகளில் யன்னல் தட்டுக்குக் கீழ் இதே பள்ளம் இருக்கும். கயிறு வைத்துப் போடுவார். இவர் மரச்சட்டம் வைத்துப் போட்டார். ஊற்றி முடிந்ததும் ஈரச்சாக்குப் போட்டு மூடினார். ஒக்டோபர் கடைசி என்பதால் இரவில் 5 பாகைக்குக் கீழ் இறங்கும் என்று சொல்லி, அதற்கு மேலே குளிர்காப்புப் போர்வை ஒன்று. குளிரில் சீமெந்து இறுகாது, உறைந்தால் தூளாகிவிடும். நவம்பர் பிந்தி இந்த வேலையை ஒப்புக்கொள்பவர் எப்படிச் சூடு வைக்கப்போகிறார் என்று கேளுங்கள்.

யன்னலை நேரே கல்லில் பூட்டவில்லை. பதனிட்ட மரத்தால் ஒரு நிலை அடித்து, கல்லுக்கும் மரத்துக்கும் இடையில் ஃபோம் பட்டி வைத்து, டாப்கொன் நீல ஸ்குரூவால் கல்லில் இறுக்கினார்கள். வினைல் சட்டத்தைச் சுற்றி அடித்தது யன்னலுக்கென்றே வரும், அதிகம் பருக்காத ஃபோம். சாதாரண ஃபோம் அடித்தால் அது பருத்துச் சட்டத்தை உள்ளே வளைத்துவிடும். பிறகு யன்னல் இழுபடாது.

சரி, யன்னல்களுக்கு வருவோம். நாலும் ஒரே வகையில்லை.

உடுப்புத் தோய்க்கும் அறைக்குக் கிளாஸ் புளொக், அதாவது கண்ணாடிக் கல். பழைய யன்னலில் ஒரு கண்ணாடியை எடுத்துப் பலகை அடித்து, அதில் துளை போட்டு ட்ரையர் குழாயை வெளியே விட்டிருந்தார்கள், முந்தின வீட்டுக்காரர். ஸ்காபரோவில் பாதி வீடுகளில் இப்படித்தான். தம்பி குழாய்க்குச் சுவரில் தனியாக 4 அங்குலத் துளை போட்டு, யன்னலை முழுதாக மூடிவிட்டார். வெளிச்சம் அருமை, ஒருவரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, உடைத்து நுழைவதும் கஷ்டம். ஆனால் குளிர்காப்பு என்று பார்த்தால் பூச்சில்லாத சாதாரண இரட்டைக் கண்ணாடி அளவுதான். கையை வைத்தால் ஜனவரியில் சில்லென்றுதான் இருக்கும். திறக்கவும் முடியாது. அந்த அறைக்கு அது போதும்.

ஃபேர்ணஸ் பக்கத்துக்கு ஹொப்பர்: அடியில் கீல், மேலிருந்து உள்ளே சாய்ந்து திறப்பது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மூடும்போது ரப்பரை அழுத்தி இறுக்குவதால் காற்றுத் துளியும் வராது. குறை என்றால், திறந்தால் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். கீழே தட்டு அடுக்கியிருந்தால் இடிக்கும்.

ஹோலுக்கு நான்தான் பிடிவாதமாகச் சிலைடர் கேட்டேன், இழுத்துத் திறக்க லேசு என்று. நாலில் மட்டமானது இது. தண்டவாளத்துக்குள் தூசும் இலையும் சேருகிறது, தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் அடைபடுகின்றன, பெப்ரவரியில் ஒரு கிழமை உறைந்துபோய் இழுபடவே இல்லை. தூரிகை ரப்பர் என்பதால் வடமேல் காற்று அடிக்கும் நாளில் மெல்லிய குளிரும் தெரியும். விலை மற்றவற்றை விடக் குறைவு என்பதைத் தவிர வேறு நல்லது சொல்ல இல்லை.

நாலாவதுதான் பெரிய கதை. என் தங்கச்சியின் மகன் செந்தெனியல் கல்லூரியில் படிக்கிறான், பேஸ்மென்ற் அறையில்தான் படுக்கை. அந்த அறையில் தீப்பிடித்தால் படி வழியாக வரமுடியாவிட்டால் யன்னலால்தான் வரவேண்டும். ஒன்ராறியோ கட்டிட விதி சொல்வது இது: திறப்போ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும், திறந்த வெளி குறைந்தது 0.35 சதுர மீற்றர் இருக்கவேண்டும். எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. இப்போது எங்கள் 32க்கு 16 அங்குல ஓட்டையைக் கணக்குப் பாருங்கள். யன்னலே இல்லாமல் வெறும் ஓட்டையாக விட்டாலும் 0.33 சதுர மீற்றர்தான். அதாவது, எவ்வளவு விலையான யன்னலைப் பூட்டினாலும் அது தப்பும் வழி ஆகாது. அதே அளவில் மாற்றித் தருகிறேன் என்று விலை சொன்ன எவரும், இது படுக்கையறை என்று சொன்ன பிறகும், இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பேஸ்மென்றை வாடகைக்கு விடுகிற எங்கள் சனம் இதை ஒருமுறை டேப் பிடித்துப் பார்க்கவேண்டும்.

தம்பி சொன்ன வழி, அகலத்தைத் தொடாமல் கீழே இரண்டு வரி கல்லை வெட்டி இறக்குவது. அகலம் மாறாததால் மேலே இருக்கிற உத்தரத்தைத் தொடத் தேவையில்லை. அகலப்படுத்தினால் புது உத்தரம் போடவேண்டும், செலவு ஒரேயடியாக ஏறும். ஓட்டை 32க்கு 32 ஆனது. அதிலும் சிலைடர் போட்டால் பாதிதான் திறக்கும், அகலம் 380 மில்லிமீற்றருக்குக் குறைந்துவிடும். பக்கத்தில் கீல் வைத்துக் கதவுபோல் முழுதாகத் திறக்கும் கேஸ்மென்ற் வகைதான் வழி. உள்பக்கம் திறப்பதாக எடுத்தோம், மூன்று அடுக்குக் கண்ணாடியோடு. யன்னல் நிலமட்டத்துக்குக் கீழே இறங்குவதால் அதற்கு முன்னால் வெளியே ஒரு கிடங்கு, அதாவது குழி, வெட்டவேண்டும். வெளியே திறந்தால், அந்தக் கிடங்குக்குள் கதவே வழியை மறிக்கும். யன்னலுக்கு முன் குறைந்தது 550 மில்லிமீற்றர் வெளி இருக்கவேண்டும் என்பதும் விதிதான்.

ஓட்டையைப் பெரிதாக்கினால் நகரசபையிடம் கட்டிட அனுமதி எடுக்கவேண்டும். அதே அளவில் மாற்றினால் தேவையில்லை. அனுமதி வேலையைத் தம்பியே பார்த்தார். கிடங்கு வெட்ட முன்னர், நிலத்துக்குக் கீழே போகும் குழாய்களையும் கம்பிகளையும் அடையாளம் காட்டுகிற ஒன்ராறியோ வண் கோலுக்கும் அறிவித்தார். அது இலவசம். காஸ் லைனுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு என்று புல்லில் நிறம் அடித்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் காஸ் குழாய் கிடங்குக்குக் கொஞ்சம் தள்ளித்தான் போனது.

இந்தக் கிடங்கில்தான் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். முதல் விலைச்சீட்டில் "கிடங்கு, கல் நிரப்பி" என்று மட்டும் இருந்தது. அடியில் கொஞ்சம் சல்லி போட்டால் தண்ணீர் தானாக மண்ணுக்குள் போய்விடும் என்றார். ஸ்காபரோவில் எங்கள் பக்கம் களிமண். தண்ணீர் போகாது, நிற்கும். விதியும் கிடங்கை அத்திவாரத்தின் அடிமட்டத்துக்கு வடியவிடச் சொல்கிறது. 2024 யூலை 16 அன்று பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 98 மில்லிமீற்றர் மழை கொட்டினதை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அப்படி ஒரு மழைக்கு, வடியாத கிடங்கென்பது யன்னலுக்கு முன்னால் ஒரு தொட்டி கட்டி வைத்த மாதிரி. கடைசியில் வீப்பிங் டைல், அதாவது அத்திவார அடியில் சுற்றிவரப் போகும் வடிகால் குழாய், வரைக்கும் தோண்டி, துணி சுற்றி, சல்லியால் நிரப்பி ஒரு நெடுங்குழி இறக்கினார்கள். மேலதிகமாக 700 டொலர் கேட்டார், கொடுத்தேன். ஆனால் முதலே எழுதியிருக்கவேண்டிய விஷயம். அதற்காக ஒரு புள்ளி குறைக்கிறேன்.

பீலியையும் பாருங்கள். ரொறன்ரோவில் பீலிக்குழாயைச் சாக்கடையில் இணைத்து வைக்கக்கூடாது என்று சட்டம் வந்த பிறகு எல்லோரும் வெட்டிப் புல்லுக்கு விட்டார்கள். எங்கள் குழாய் ஹோல் யன்னலுக்கு நேர் முன்னால் கொட்டிக்கொண்டிருந்தது. நீட்டுக்குழாய் ஒன்று வாங்கிப் போட்டேன். நாலு யன்னலுக்கும் கொடுத்த காசில் அது ஒரு மூலைக்கும் காணாது. செய்த நன்மையோ பெரிது.

இனிக் குறைகள். கொங்கிறீட் வேலை முடிந்த வேகத்துக்கு மற்றதெல்லாம் நடக்கவில்லை. கிடங்குக்கு மேல் போடும் பிளாஸ்ரிக் மூடி டிசம்பர் நடுவில்தான் வந்தது. அதுவரை நான் பலகை போட்டு மூடினேன். வெளிப்பக்க அலுமினியத் தகட்டின் வெள்ளை, யன்னலின் வெள்ளையோடு ஒத்துப்போகவில்லை. கோக்கிங் பூச வந்த பெடியன், அடியில் நுரைக்கயிறு வைக்காமல் இடைவெளி முழுவதும் பசையை நிரப்பிவிட்டான். அப்படிப் பூசினால் மூன்று பக்கமும் ஒட்டி, சுருங்கும்போது கிழியும். பெப்ரவரியில் சிலைடருக்குப் பக்கத்தில் கிழிந்தது. போன் எடுத்தேன், ஏப்ரலில் தம்பியே நேரில் வந்து, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, கயிறு வைத்துப் புதிதாகப் பூசினார். காசு கேட்கவில்லை. உள்பக்க யிப்சம், பெயின்ற் ஒன்றும் விலைக்குள் இல்லை. அதை முதலே சொல்லியிருந்தார்.

செலவு: மூன்று சின்ன யன்னலும் மேசன் வேலையோடு ஒவ்வொன்றும் 850 டொலர் சுற்றி. பெரிய யன்னல், வெட்டு, கிடங்கு, வடிகால், அனுமதி எல்லாம் சேர்த்து 5,600. இதற்கு மேல் 13 வீத எச்எஸ்ரி விற்பனை வரி. செருகு யன்னல் சொன்ன கம்பனி சின்ன யன்னலுக்கு இதைவிட 200 டொலர் குறைவாகத்தான் சொல்லியிருந்தது. அந்த 200 டொலருக்குள்தான் சுவர் வேலை முழுவதும் இருக்கிறது.

விலைச்சீட்டு வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போட முன்னர் எழுத்தில் கேட்கவேண்டியவை என்று எனக்குப் படுவது: பழைய இரும்புச் சட்டம் முழுதாக வெளியே வருமா, கீழ் வரிக் கல்லின் வெற்றிடம் அடைக்கப்படுமா, அடிக்கட்டு புதிதாக ஊற்றப்படுமா, கிடங்கின் தண்ணீர் எங்கே போகும். கண்ணாடிக்கு யூ-ஃபாக்டர், அதாவது அதற்குள்ளால் எவ்வளவு சூடு வெளியே போகும் என்ற எண்ணைக் கேட்டால் போதும். குறைய இருந்தால் நல்லது. எனர்ஜி ஸ்ரார் என்ற சக்திச் சிக்கன முத்திரைக்கு 2020 முதல் 1.22 அல்லது அதற்குக் கீழே, இல்லாவிட்டால் ஈஆர் என்ற சிக்கன மதிப்பெண் 34 அல்லது மேலே. அந்த எண்ணுக்கு மேல் விற்பனையாளர் கதைப்பதெல்லாம் அவருடைய கொமிஷனுக்காக.

மார்ச்சில் பனி ஒரேயடியாக உருகினபோது சுவர் அடியைப் போய்த் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. பழைய உப்பைத் தூரிகையால் தட்டிவிட்டதற்குப் பிறகு புதிதாகப் பூக்கவில்லை. நீர்க்காப்புக்குப் பல ஆயிரம் சொன்னவரின் சீட்டைக் கிழித்துப்போட்டாயிற்று. தம்பியை இந்தக் கோடையில் பின்வாசல் படி கட்டவும் கூப்பிட்டிருக்கிறேன். போர்த்துக்கீசரும் வருவார் என்றால்தான் சம்மதம் என்று சொல்லியிருக்கிறேன், கோக்கிங் பெடியன் வரத்தேவையில்லை என்றும்.